மண் டிராக்கில் எந்த ஸ்பிரின்ட் கார் பிரிவுகளை ஓடவிடுவது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சனிக்கிழமை இரவு ஒரு மண் டிராக்கில் ரேஸ் நடத்தப் போகிறீர்கள். ஸ்பிரின்ட் கார்தான் என்று முடிவாகிவிட்டது. அடுத்த கேள்வி, எந்த ஸ்பிரின்ட் கார்? 410-ஆ, 360-ஆ, 305-ஆ? விங் (வண்டியின் மேலே பொருத்தும் காற்றுத் தகடு) வைத்ததா, இல்லாததா? டிக்கெட் விலை, பரிசுப் பணம், மண்ணைத் தயார் செய்யும் விதம், இரவு எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள் என்பது வரைக்கும் எல்லாமே இந்த ஒரு முடிவில் தொங்குகிறது.

அமெரிக்காவில் இந்த டிராக்குகளில் கணிசமானவை கவுன்டி கண்காட்சித் திடல்களுக்குள் இருக்கின்றன. சிலவற்றைக் கண்காட்சிச் சங்கமே நடத்தும், சிலவற்றை ரேஸ் நடத்தும் புரொமோட்டர் ஒருவர் குத்தகைக்கு எடுப்பார். அப்படி ஒரு கமிட்டியில் புதிதாகச் சேர்ந்தவர், முதல் தடவை குத்தகை எடுப்பவர், அல்லது பார்வையாளர் மேடையில் உட்கார்ந்து பார்க்கும்போது 'ஏன் இங்கே 360 ஓடுகிறது, அங்கே 410 ஓடுகிறது' என்று யோசிப்பவர், இந்த மூன்று பேரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கொலம்பஸிலும் இண்டியானாபொலிஸிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. இரண்டு ஊர்களிலிருந்தும் நல்ல ஸ்பிரின்ட் கார் டிராக்குகள் ஒன்று, ஒன்றரை மணி நேரத் தூரம்தான். போய்ப் பார்க்காமல் இருப்பவர்களுக்கும் இது ஓர் அழைப்பு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எது வேகமான பிரிவு, எது ரசிகர்களுக்குப் பிடித்த பிரிவு என்று தேட ஆரம்பித்தால் வழி தவறிவிடும். உங்கள் டிராக்கைச் சுற்றி இரண்டு மணி நேர ஓட்டத்தில், கராஜ்களில் ஏற்கெனவே எந்த வண்டி நிற்கிறது என்று பாருங்கள். முடிவில் முக்கால்வாசி அங்கேயே வந்துவிடும்.

வண்டியும் அதன் எண்களும்

ஸ்பிரின்ட் கார் குழாய்ச் சட்டத்தில் கட்டிய, சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை ஆள் வண்டி. முன்னால் வி8 எஞ்சின், எரிபொருள் மெத்தனால். ஸ்டார்ட்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது, கியர் மாற்றும் பெட்டியும் கிடையாது. பின்னாலிருந்து ஒரு புஷ் டிரக் தள்ள வேண்டும். வண்டி உருள ஆரம்பித்ததும் ஓட்டுநர் ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார். முள் ஏறியதும் எரிபொருளைத் திறந்து இக்னிஷன் சுவிட்சைத் தட்டுவார். எஞ்சின் ஒரு உறுமலோடு பிடித்துக்கொள்ளும், மெத்தனால் நெடி கண்ணைக் கரிக்கும், டிரக் பின்வாங்கும். ரேஸின் நடுவே ஒரு வண்டி சுழன்று நின்றுவிட்டால் இதே சடங்கு மறுபடியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நேரக் கணக்குப் போடும்போது தேவைப்படும்.

எண்கள் எஞ்சினின் கொள்ளளவைச் சொல்கின்றன, கன அங்குலத்தில். 410 என்றால் 6.7 லிட்டர். சுமார் 900 குதிரைத்திறன், ஓட்டுநரையும் சேர்த்து எடை 640 கிலோ அளவுதான். அயோவாவின் நாக்ஸ்வில் அரை மைல் டிராக்கில் இந்த வண்டி 15 வினாடியை ஒட்டி ஒரு சுற்றை முடிக்கும். அதாவது, மண் தரையில் சராசரியாக மணிக்கு 190 கிலோமீட்டர். 1978-இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ், நாஸ்கார் சாம்பியன் கைல் லார்சனும் பிராட் ஸ்வீட்டும் தொடங்கிய ஹை லிமிட் என இரண்டு பெரிய தேசியத் தொடர்களும் விங் வைத்த 410-இல்தான் நடக்கின்றன.

360 என்றால் 5.9 லிட்டர், 700 குதிரைத்திறனைச் சுற்றி. மேடையிலிருந்து பார்க்கும் புதியவருக்கு 410-க்கும் இதற்கும் வித்தியாசம் சட்டென்று தெரியாது. 1992-இல் தொடங்கிய ஏஎஸ்சிஎஸ் தொடர் இந்தப் பிரிவுக்கு ஒரு தேசிய முகத்தைக் கொடுத்தது.

305 என்றால் 5 லிட்டர். செலவைக் கட்டுக்குள் வைப்பதற்கென்றே உருவானது. வர்ஜீனியாவில் பிறந்த ரேஸ்சேவர் விதிகள், பிறகு ஐஎம்சிஏ அமைப்பின் ஆதரவோடு நெப்ராஸ்கா, டெக்சாஸ் என்று பல இடங்களுக்குப் பரவின. எஞ்சினை ஓர் ஆய்வாளர் சோதித்து சீல் வைப்பார். குறைந்தபட்ச எடையும் 410-ஐவிட அதிகம், ஓட்டுநரோடு சேர்த்து 1,550 பவுண்டு, அதாவது 700 கிலோ. எடை கூட, சக்தி குறைவு. அதனால் வண்டிகள் ஒன்றை ஒன்று ஒட்டியே ஓடும், பார்க்க நன்றாகவே இருக்கும்.

இவை தவிர, தொழிற்சாலையிலேயே சீல் வைத்து வரும் கிரேட் எஞ்சின் பொருத்திய ஸ்பிரின்ட் கார்கள் சில ஊர்களில் உண்டு. கனடாவின் ஒன்டாரியோவில், சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடி நிலத்தில் இருக்கும் ஒஸ்வீகன் டிராக்கில் 360-க்குக் கீழே இந்தக் கிரேட் பிரிவு ஓடுகிறது. பென்சில்வேனியாவின் மையப் பகுதியில் 358 என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. மிட்ஜெட், 600 சிசி மைக்ரோ இவையெல்லாம் உறவுக்கார வண்டிகள். மைக்ரோ பிரிவு இளம் ஓட்டுநர்களுக்கு அருமையான பள்ளி, ஆனால் அதன் இடம் ஐந்தில் ஒரு மைலும் அதற்குக் குறைவான சின்ன டிராக்குகளும்தான். அரை மைலில் விட்டால் வண்டிகள் ஆளுக்கொரு மூலையில் தொலைந்து போகும்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். 410, 360, 305 மூன்றுக்கும் அடிப்படைச் சட்டம் ஏறத்தாழ ஒன்றேதான். 410 டீம் ஒரு சீசன் ஓட்டிவிட்டு விற்கும் சட்டத்தையும் உதிரிகளையும் 305 டீம் வாங்கி ஓட்டும். அடுத்த படிக்கு ஏற நினைப்பவர் வண்டியை மாற்ற வேண்டியதில்லை, எஞ்சினை மாற்றினால் பெரும்பாலும் போதும். பிரிவுகளைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த உறவு மிகவும் உதவும்.

முதல் வேலை: சுற்றுவட்டாரத்து வண்டிகளை எண்ணுங்கள்

இந்த வேலையைக் குளிர்காலத்தில் போனில் விசாரித்து முடிக்கப் பார்க்காதீர்கள். கேட்டால் எல்லோரும் 'நீங்கள் நடத்தினால் நான் வருவேன்' என்றுதான் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள், ஆனாலும் அதை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

சீசன் நடக்கும்போதே அக்கம்பக்கத்து டிராக்குகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். மாலை நான்கு மணிக்கே, டீம்கள் வண்டிகளை நிறுத்தித் தயார் செய்யும் பிட் பகுதியின் கேட் பக்கத்தில் நின்றுவிடுங்கள். டிரெய்லர்கள் வரிசையாக உள்ளே வரும். வண்டி எண், ஓட்டுநரின் ஊர், எந்த எஞ்சின், எந்த டயர் என்று குறித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் கதவு திறந்ததும் உள்ளே கூடுதல் எஞ்சின் ஒன்று கட்டி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது எஞ்சின் ஒன்று போனாலும் அடுத்த வாரம் வந்துவிடக்கூடிய டீம். அப்பாவும் மகனும் ஒரு பிக்-அப்பும் மட்டும் என்றால், எஞ்சின் போனால் அந்த வருஷம் அத்தோடு சரி. இருவருமே உங்களுக்கு வேண்டும். ஆனால் இரண்டாமவரை வாரா வாரம் வருபவர் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

அப்புறம் அந்த டிராக்குகளின் சீசன் முடிவுப் பட்டியல்களை எடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் மொத்தம் எத்தனை வெவ்வேறு வண்டிகள் ஓடின, அவற்றில் எத்தனை பாதிக்கு மேற்பட்ட இரவுகளில் வந்தன என்று பிரியுங்கள். இரண்டாவது எண்தான் உங்கள் உண்மையான கையிருப்பு. என் அனுபவக் கணக்கு இது: சுற்றுவட்டாரத்தில் நாற்பது வண்டி இருந்தால் சாதாரணச் சனிக்கிழமையில் இருபது வந்தாலே நல்ல இரவு.

எத்தனை வந்தால் போதும்? ஃபீச்சர் ரேஸ் என்னும் கடைசிப் போட்டிக்கு வழக்கமாக 24 வண்டிகள் வரை நிற்கும். அரை மைல் டிராக்கில் 14-க்குக் கீழே போனால் மேடையில் இருப்பவருக்கு வெறிச்சென்று இருக்கும். கால் மைலில் 16 வண்டியே டிராக்கை நிறைத்துவிடும்.

எண்ணும்போது ஒரு விஷயம் புரியும். அமெரிக்கா முழுவதும் ஒரே மாதிரி இல்லை, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. பென்சில்வேனியாவின் மையப் பகுதி விங் வைத்த 410-இன் கோட்டை. அங்கே போய் நீங்கள் 360 பிரிவு ஆரம்பித்தால், அந்த வட்டாரத்தில் இரண்டாம் நிலை டீம்களிடம் இருப்பது 358, 305 எஞ்சின்கள் என்பதால் உங்கள் பிட் காலியாகத்தான் இருக்கும். இந்தியானாவில் விங் இல்லாத 410தான் ஊர்ச் சொத்து. கலிஃபோர்னியாவில் பல டிராக்குகளுக்கு 360தான் தலைமைப் பிரிவு. நெப்ராஸ்காவில் ஈகிள் ரேஸ்வே என்றாலே 305, ரேஸ்சேவர் பிரிவின் தேசியப் போட்டியே அங்கேதான் நடக்கிறது. இந்த வேரைப் பிடுங்கிப் புதிதாக நடுவதற்குப் பல வருஷமும் பெரிய பணமும் வேண்டும். முதல் சீசனில் அதற்கு ஆசைப்படாதீர்கள்.

வண்டி இருந்தால் மட்டும் போதாது, அந்த இரவில் அது சும்மா இருக்க வேண்டும். வடக்கு ஓஹாயோவைப் பாருங்கள். அட்டிகாவில் வெள்ளிக்கிழமை ரேஸ், ஃப்ரீமான்ட்டில் சனிக்கிழமை. இரண்டும் மூன்றில் ஒரு மைல் டிராக்குகள், இரண்டிலும் 410, 305 இரண்டும் ஓடுகின்றன. ஒரே டீம் ஒரே வண்டியோடு இரண்டு நாளும் ஓடிப் பரிசு சம்பாதிக்கலாம், இரண்டையும் சேர்த்து ஒரு பொதுப் புள்ளிப் பட்டியலும் வைத்திருக்கிறார்கள். ஒரு 410 வைத்திருப்பவருக்கு வாரத்தில் இரண்டு சம்பள நாள் கிடைத்தால்தான் அந்தச் செலவைத் தாங்க முடியும். பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ் குரோவ் வெள்ளியில் இருப்பதும், லிங்கன், போர்ட் ராயல் சனியில் இருப்பதும், சவுத் டகோடாவில் ஹ்யூசெட்ஸ் ஞாயிறைப் பிடித்துக்கொண்டதும் இதே கணக்கில்தான் பலன் தருகின்றன. பக்கத்து டிராக்கின் புரொமோட்டரைப் போட்டியாளராகப் பார்க்காமல், முதல் மாதத்திலேயே போய்க் காபி குடித்துப் பேசுங்கள். அவர் சனிக்கிழமை 410 நடத்தினால் உங்கள் 410 வெள்ளியிலோ ஞாயிறிலோதான் இருக்க வேண்டும். சனிதான் வேண்டும் என்றால் வேறு பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டிராக் எதைத் தாங்கும்?

அளவு, அகலம், சாய்வு, சுவர், வேலி, மண். இந்த ஆறையும் நடந்து பாருங்கள், காரில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள்.

கால் மைலில் 410-ஐ விடக் கூடாது என்றில்லை. ஆனால் 900 குதிரைத்திறனை அங்கே முழுசாகத் திறந்துவிட இடமே கிடைக்காது. திறக்க முடியாத சக்திக்கு ஓட்டுநர் ஏன் செலவழிக்க வேண்டும், நீங்கள் ஏன் பரிசு கொடுக்க வேண்டும்? கலிஃபோர்னியாவின் பிளேசர்வில் கால் மைல்தான். அங்கே விங் வைத்த 360தான் முதன்மைப் பிரிவு, அந்த டிராக்குக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. அரை மைலில் நிலைமை தலைகீழ். சக்தி குறைந்த பிரிவுகள் அங்கே நேர்ப்பாதையில் இழுபடுவது தெரியும்.

வேலியில் சமரசமே வேண்டாம். ஸ்பிரின்ட் கார் உருண்டால் மேலே எழும்பும். ஸ்டாக் கார் (சாதாரணக் கார் வடிவில் மூடிய உடலோடு இருக்கும் ரேஸ் வண்டி) காலத்தில் போட்ட வேலி அதற்குப் போதுமா என்பதை உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தீயணைப்பு ஆட்களுக்கு மெத்தனால் பயிற்சி இருக்க வேண்டும். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஓட்டுநர் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தால், தீ தெரியவில்லையே என்று நிற்காமல் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். இதற்கெல்லாம் பணம் இல்லையென்றால் இந்த வருஷம் ஸ்பிரின்ட் கார் வேண்டாம் என்று நேராகவே சொல்வேன்.

இனி மண். பிரிவுத் தேர்வைப் பற்றிப் பேசும்போது பலர் மறந்துவிடுவது இதைத்தான். மதியம் தண்ணீர் லாரி களிமண்ணை ஊறவைக்கும், பிறகு வண்டிகள் மெதுவாகச் சுற்றி அதை அழுத்தி இறுக்கும். மாலையில் டிராக் ஈரமும் பிடிப்புமாக இருக்கும்போது விங் வைத்த ஸ்பிரின்ட் கார் உச்ச வேகத்தில் பறக்கும். அதன் அகலமான டயர்கள் தளர்ந்த மண்ணை வெளிப்பக்கமாக எறிந்து, சுவரை ஒட்டி ஒரு வரப்பைக் கட்டும். அதைக் குஷன் என்பார்கள். இரவு ஏற ஏற நடுப்பகுதி காய்ந்து கறுத்துப் பளபளக்கும். குஷனில் சாய்ந்து ஓடுபவரும், கீழ்க்கோட்டில் பதுங்கி ஓடுபவரும் ஒருவரை ஒருவர் முந்தும் நேரம் அப்போதுதான் வரும்.

இந்த மண்ணில் ஸ்பிரின்ட் காரோடு கூட எதை ஓடவிடுகிறீர்கள் என்பது முக்கியம். டிராக் இன்னும் மென்மையாக இருக்கும்போது கனமான ஸ்டாக் கார்களை விட்டால் திருப்பங்களில் பள்ளம் விழும். அடுத்து வரும் ஸ்பிரின்ட் காரின் வலது பின் சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கினால் வண்டி புரண்டுவிடும். அதனால் ஸ்பிரின்ட் கார்களின் ஹீட்களை, அதாவது ஃபீச்சருக்கு முன் நடக்கும் குட்டித் தகுதிப் போட்டிகளை, முதலில் வைத்து டிராக்கை இறுக்கிவிட்டு, பிறகு மற்றவற்றை விடுவது நல்லது. லேட் மாடல் என்னும் ஸ்டாக் கார் வகை நல்ல துணை. ஆனால் இரண்டு பெரிய பரிசுத் தொகைகளை ஒரே இரவில் கட்ட வேண்டி வரும்.

விங் வேண்டுமா, வேண்டாமா?

மேல் விங் 25 சதுர அடி. காற்று அதை அழுத்தும்போது வண்டி தரையோடு ஒட்டிக்கொள்ளும், திருப்பத்திலும் வேகம் குறையாது. விபத்தில் முதலில் அது நசுங்கி அடியின் கடுமையைக் கொஞ்சம் தணிக்கும். விங்கை எடுத்துவிட்டால் வண்டி வழுக்கும், முன் சக்கரம் காற்றில் தூக்கும், ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரைக் காலால் தடவித் தடவி ஓட்ட வேண்டும்.

இந்தியானாவின் கோகோமோ 1947-இல் தொடங்கிய கால் மைல் டிராக். விங் இல்லாத வண்டி எப்படி ஓட வேண்டும் என்று யாராவது கேட்டால் அங்கே அனுப்பிவிடலாம். ஒருவர் திருப்பத்தின் உள்ளே பாய்ந்து, குறுக்கே வழுக்கி, மற்றவரின் மூக்குக்கு முன்னால் நிற்பார். அடுத்த திருப்பத்தில் அவர் இவருக்கு அதையே செய்வார். யூசாக் அமைப்பின் தேசிய ஸ்பிரின்ட் கார் தொடரும் விங் இல்லாததுதான். டோனி ஸ்டூவர்ட் நாஸ்காருக்குப் போகும் முன் 1995-இல் மிட்ஜெட், ஸ்பிரின்ட், சில்வர் கிரவுன் என யூசாக்கின் மூன்று பட்டங்களையும் ஒரே வருஷத்தில் வென்றவர்.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், சின்ன டிராக்கில் விங் இல்லாத வண்டி. ஆனால் என் விருப்பத்தை வைத்து நீங்கள் முடிவெடுக்கக் கூடாது. டிராக் ஒடுங்கலாக, ஒரே கோட்டில் மட்டும் ஓடக்கூடியதாக இருந்தால் விங் இல்லாத வண்டிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அகலமும் நல்ல குஷனும் இருந்தால் அவை உயிர்பெறும். வட்டாரத்தில் யாருக்கும் விங் இல்லாமல் ஓட்டிப் பழக்கமில்லை என்றால், வருஷத்தில் ஓரிரு சிறப்பு இரவாக வைத்துப் பாருங்கள். வாராந்திரப் பிரிவாக ஆரம்பிக்காதீர்கள்.

முன் கேட், பின் கேட்

பணத்தை இரண்டு வாசல்களாகப் பிரித்துப் பாருங்கள். முன் கேட்டில் பார்வையாளர் டிக்கெட். பின் கேட்டில் ஓட்டுநரும் டீம் ஆட்களும் குடும்பத்தாரும் வாங்கும் பிட் பாஸ்.

410 முன் கேட்டை நிரப்பும் பிரிவு. ஆனால் அதன் எஞ்சின் ஒன்றுக்கே அறுபது, எழுபதாயிரம் டாலர் ஆகும் என்பதால், பரிசும் அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும். வாராந்திர இரவுக்கே மொத்தப் பரிசு பதினைந்தாயிரம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 24 வண்டி, வண்டிக்கு ஐந்து பேர், பாஸ் 40 டாலர் என்றால் பின் கேட்டில் 4,800 டாலர்தான் வரும். மீதி பத்தாயிரத்துச் சொச்சத்தை மேடை தர வேண்டும். 20 டாலர் டிக்கெட்டில் 510 பேர் வந்தால்தான் பரிசுக்கே சரியாகும். ஆம்புலன்ஸ், காப்பீடு, மின்சாரம், தண்ணீர், ஆட்கள் சம்பளம் எல்லாம் அதற்கு மேல். மழை வந்தால் எல்லாமே போச்சு.

305 அல்லது கிரேட் பிரிவின் பரிசு இதில் ஒரு சிறு பங்குதான், ஆனால் பின் கேட்டில் கிட்டத்தட்ட அதே அளவு ஆட்கள் வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் அதிகம் என்பதால் மாமா, சித்தி, ஆபீஸ் நண்பர்கள் என்று மேடையிலும் ஒரு கூட்டம் உட்காரும். கூட்டத்தை இழுக்க ஒரு பிரிவு, செலவைச் சுமக்க ஒரு பிரிவு. இந்த இரண்டையும் ஒரே பிரிவிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது: தலைமைக்கு ஒரு ஸ்பிரின்ட் பிரிவு, அதே சட்டத்தைப் பயன்படுத்தும் மலிவான இரண்டாம் ஸ்பிரின்ட் பிரிவு ஒன்று, ஊர் மக்களுக்குப் பழகிய ஒரு ஸ்டாக் கார் பிரிவு. மூன்றோடு நிறுத்துங்கள். அட்டிகாவும் ஃப்ரீமான்ட்டும் 410-க்குக் கீழே 305 வைத்திருப்பதும், லிங்கன் 410-க்குக் கீழே 358 வைத்திருப்பதும், நாக்ஸ்வில் 410, 360 இரண்டையும் ஓடவிடுவதும் இந்த வடிவத்தின் வெவ்வேறு முகங்கள். 410-க்கு வண்டியும் பணமும் போதாத ஊரில் 360-ஐத் தலைமையாக வையுங்கள். அதுவும் முடியாத ஊரில் 305-ஐயே தலைமையில் நிறுத்துங்கள். 22 வண்டி ஓடும் 305 ஃபீச்சர், 9 வண்டி ஓடும் 410 ஃபீச்சரைவிட ஆயிரம் மடங்கு மேல். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

இரவு எத்தனை மணிக்கு முடியும்?

மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் 24 வண்டி. பிரிவுக்கு மூன்று ஹீட் வீதம் ஒன்பது ஹீட். எட்டுச் சுற்று ஹீட் பச்சைக் கொடியில் இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் தள்ளி ஸ்டார்ட் செய்வது, வரிசை கட்டுவது, விபத்துக்காக ரேஸைத் தணிக்கும் ஒரு மஞ்சள் கொடி எல்லாம் சேர்ந்து ஒன்பது நிமிஷம் ஆகிவிடும். அதுவே 80 நிமிஷம். தகுதி பெறாதவர்களுக்கான பி மெயின்களுக்கு 30, இடைவேளைக்கும் மண்ணைச் சீர்செய்யவும் 25, மூன்று ஃபீச்சருக்கும் சேர்த்து 75. மொத்தம் மூன்றரை மணி நேரம். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பத்தரை.

நான்காவது பிரிவு ஒன்றைச் சேர்த்தால் இன்னும் ஒரு மணி நேரம். குழந்தைகளோடு வந்தவர்கள் தலைமை ஃபீச்சர் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்கள், அடுத்த வாரம் வரவும் மாட்டார்கள். பல திடல்களில் ஊர்க் கட்டுப்பாட்டின்படி பதினொரு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து, ஆறு பிரிவு வைத்து பின் கேட் பணத்தைப் பெருக்கும் ஆசை எல்லாப் புதிய புரொமோட்டருக்கும் வரும். அந்த ஆசைக்கான விலையை மேடையில் உட்கார்ந்திருப்பவர்தான் கொடுக்கிறார்.

கூடுதல் பிரிவுகளுக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சுழற்சி முறையில் வையுங்கள். தலைமைப் பிரிவு மட்டும் வாரா வாரம், மற்றவை வாரம் விட்டு வாரம்.

விதிப்புத்தகத்தை நீங்கள் எழுதாதீர்கள்

பக்கத்து டிராக் எந்த விதியில் ஓடுகிறதோ அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 305 என்ற ஒரே எண்ணின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட விதிப்புத்தகங்கள் இருக்கின்றன. எஞ்சினின் தலைப்பாகத்தில் ஒரு வித்தியாசம், டயரில் ஒரு வித்தியாசம், எடையில் ஐம்பது பவுண்டு வித்தியாசம். அங்கே சட்டப்படி ஓடும் வண்டி உங்களிடம் ஓட முடியாது என்றால், அந்த டீம் உங்களுக்காகத் தனியாக ஒரு வலது பின் டயர் வாங்காது, வராது, அவ்வளவுதான். டயர் விதியை மட்டும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள், வாரா வாரம் டீமின் பையைக் காலி செய்வது அதுதான்.

அதே சமயம், எடுத்துக்கொண்ட விதியைச் சோதிக்க ஆள் வேண்டும். எடைத் தராசு, எஞ்சின் சீலைப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆய்வாளர், வென்ற வண்டியை ஒவ்வொரு வாரமும் பார்ப்பது. மலிவுப் பிரிவுகள் அழிவது பெரும்பாலும் இங்கேதான். பணம் உள்ளவர் ஒருவர் சந்தேகமான எஞ்சினோடு நாலு வாரம் வென்றால், மற்றவர்கள் சத்தமில்லாமல் டிரெய்லரை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள்.

பெரிய தொடர்களை அழைப்பது

அவுட்லாஸ், ஹை லிமிட் போன்றவை வந்தால் மேடை நிரம்பும், ஊரே பேசும். ஆனால் தொடருக்கான கட்டணமும் பரிசும் பெரியவை, தேதியும் வெகு முன்னதாகவே ஒப்பந்தமாகிவிடும், மழை பெய்தால் அடி உங்களுக்குத்தான். முதல் சீசனில் வேண்டாம். இரண்டாவது சீசனில் ஒன்று. அன்றைக்கு உங்கள் வாராந்திர இரண்டாம் பிரிவைத் துணைக்கு ஓடவிடுங்கள். வருஷத்தில் ஒரு முறையாவது நிரம்பிய மேடைக்கு முன்னால் ஓடும் வாய்ப்பு, அந்த உள்ளூர் டீம்களுக்கு நீங்கள் தரக்கூடிய நல்ல மரியாதை. ஓஹாயோவின் எல்டோரா போல வாராந்திர ரேஸே பெரிதாக இல்லாமல் சிறப்பு நிகழ்ச்சிகளை மட்டும் நம்பி நடத்துவது வேறு விளையாட்டு. அதற்கு 1954-இலிருந்து சேர்த்த பெயர் வேண்டும்.

எப்போது அறிவிப்பது, என்ன எழுதுவது

டீம்கள் எஞ்சின் வாங்குவதும் விற்பதும் சீசன் முடிந்த உடனே தொடங்கிவிடும். உங்கள் முடிவு அக்டோபரில், தள்ளிப்போனால் நவம்பர் நடுவில் வெளியே வர வேண்டும். பிப்ரவரியில் புதுப் பிரிவு அறிவித்தால் அதற்குள் எல்லோரும் பணத்தைச் செலவழித்துவிட்டிருப்பார்கள்.

அறிவிப்பில் இவை தெளிவாக இருக்கட்டும்: எந்தப் பிரிவு, யாருடைய விதிப்புத்தகம், எந்த இரவுகள், ஏ மெயினில், அதாவது ஃபீச்சரில், முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை ஒவ்வொன்றுக்கும் பரிசு, எத்தனை வண்டிக்குக் குறைந்தால் பரிசு எப்படி மாறும். கடைசி இடத்துப் பரிசைச் சின்னதாக விட்டுவிடாதீர்கள். வெல்பவர் எப்படியும் வருவார். பதினெட்டாவது இடத்தில் முடிப்பவர் டீசலுக்கும் ஒரு டயரின் பாதி விலைக்கும் காசு வாங்கிக்கொண்டு போனால்தான் அடுத்த வாரம் திரும்பி வருவார்.

அப்புறம் இன்னொரு வரியையும் சேர்த்துவிடுங்கள்: 'இந்தப் பிரிவுகள் இரண்டு சீசன்களுக்கு மாறாது.' முதல் வருஷம் வண்டிகள் குறைவாக வந்தால் பயந்து ஜூலையில் பிரிவை நிறுத்திவிட்டால், உங்களை நம்பி எஞ்சின் வாங்கியவர் நடுத்தெருவில் நிற்பார், அதன் பிறகு நீங்கள் அறிவிக்கும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டாவது சீசன் முடிந்த பிறகும் வாராந்திரச் சராசரி 12-ஐத் தாண்டவில்லை என்றால், டீம்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, ஒரு வருஷ அவகாசம் கொடுத்து மூடுங்கள். அந்த வண்டிகள் அடுத்து எந்தப் பிரிவில் ஓடலாம், எந்தப் பக்கத்து டிராக்குக்குப் போகலாம் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.